அந்தக் கையால் ஒரு வில்

என் இடது கைக்கு எந்த வீட்டிலும் பெயர் இருந்ததில்லை. பிறந்த வீட்டில் ‘அந்தக் கை’ என்றார்கள். புகுந்த வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ‘அந்தக் கை’தான். “அந்தக் கையால குடுக்காதே.” “அந்தக் கையை மடக்கி வை.” “சொன்னா கேக்குதா பாரு அந்தக் கை!” என்னவோ கல்யாணமாகி வரும்போது நான் ஓர் அடங்காத நாய்க்குட்டியைக் கூட்டி வந்துவிட்ட மாதிரி. கொழுந்தன் ஒருவன்தான் சுற்றி வளைக்காமல் “பீச்சாங்கை” என்று முகத்துக்கு நேரே சொல்வான். அதனாலேயே அந்த வீட்டில் எனக்கு அவனைக் கொஞ்சம் பிடிக்கும்.

மாமியார் இல்லாத வீடு. அந்தக் குறையை மாமனார் தனியாளாகத் தீர்த்து வைத்தார்.

வீடு பாதி, பட்டறை பாதி. முன்னால் இரண்டு அறையும் சமையலறையும். பின்கதவைத் திறந்தால் தகரக் கூரையின் கீழ் நீளமான மேஜை, அதன் ஓரத்தில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸ், சுவர் நிறைய மர முளைகள், முளைகளில் வரிசையாக வில்கள். அதற்கும் பின்னால் முற்றம். முற்றத்தின் கோடியில் வைக்கோல் திணித்த சாக்கு ஒன்று தொந்தி சரிந்து உட்கார்ந்திருக்கும்.

மாமனார் வில் செய்கிறவர். பொம்மைக்கடை வில் இல்லை. காட்டுப்பன்றி வேட்டைக்கு உரிமம் வைத்திருக்கிறவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போகிற வில். ஒரே மரத்துண்டு, ஒட்டு கிடையாது, ஆணி கிடையாது. வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன்னால் வாசலில் ஆள் நிற்கும்.

மாமனாரின் வில்லுக்கு அப்படி ஆள் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் செய்த வில்லை நாணேற்றிப் பார்த்தால், நாண், கை பிடிக்கிற பிடியின் நட்ட நடுவில் விழாது. மயிரிழை அளவு இடது பக்கம் சாய்ந்து விழும். அம்பு வில்லின் இடது பக்கத்தை உரசிக்கொண்டுதானே வெளியே போகிறது? நாணும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தால் அம்பு குறுக்கே திரும்பாமல் நேரே ஓடும். இதைப் பற்றி யாராவது கேட்டால் மாமனார் மீசையைத் தடவிக்கொண்டு, “அது தானா வர்றது” என்பார். தானாக ஒன்றும் வராது. மரத்தை நாள் முழுக்க உருட்டி உருட்டிப் பார்த்துத்தான் எந்த முனை மேலே, எந்த முனை கீழே என்று முடிவு செய்வார்.

கொழுந்தனும் வில் செய்வான். என் வீட்டுக்காரர் தொட மாட்டார். மரம் வாங்குவது, வருகிறவர்களிடம் பேசுவது, பேசிப் பேசி வில்லைத் தோளில் மாட்டி அனுப்புவது அவர் வேலை. பேச்சு என்றால் தேன். வீட்டுக்குள் வந்ததும் அந்தத் தேன் முழுவதும் அவர் அப்பாவுக்கு.

எனக்குக் கொடுத்த வேலை நாண் முறுக்குவது. நூலை மெழுகுக் கட்டியில் இழுத்து, பிரி பிரியாகச் சேர்த்து, தொடையில் வைத்து உருட்டி, முனையில் கண்ணி போட வேண்டும். வலது கையால் உருட்ட வேண்டும். மாமனார் பார்த்துக்கொண்டே இருப்பார்.

பட்டறையில் மாமனார் வைத்த சட்டம் இரண்டு. வில்லைச் செய்தவர்தான் அதில் முதல் அம்பு விட வேண்டும். மூன்று அம்பில் இரண்டு சாக்கில் தைத்தால் வில் சுவருக்குப் போகும். தைக்கவில்லையா, செய்தவரே தன் கையால் அதைப் பிடிக்கு நடுவே இரண்டாக அறுத்துப் போட வேண்டும். சும்மாகூட யாருக்கும் கொடுக்கக் கூடாது. அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று மூலையில் சாத்தி வைக்கவும் கூடாது. “கோணல் வில் இந்த வாசலைத் தாண்டிச்சுன்னா எவன் காலையோ பன்னி கிழிக்கும்” என்பார். இதில் அவருக்கும் விதிவிலக்கு கிடையாது. தான் செய்த வில்லைத் தானே அறுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் வரை யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஒருநாள் நாண் உருட்டிக்கொண்டே சொன்னேன்.

“மாமா, நானும் ஒரு வில் செய்யறேன்.”

கொழுந்தனின் அரம் நின்றது. மாமனார் நிமிரவில்லை.

“மரம் வீணாகும்.”

“வீணாப் போன மரத்துலயே செய்யறேன்.”

“கேட்டியாப்பா? அண்ணி விறகுல வில் செய்யப் போறாங்களாம்” என்றான் கொழுந்தன். “அம்புக்கு ஈர்க்குச்சி போதுமா அண்ணி?”

“உன் நாக்கு போதும். கூர்மையாத்தான் இருக்கு.”

மாமனார் இப்போது நிமிர்ந்தார். சிரிப்பு வந்ததை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு, மூலையைக் காட்டினார். யாரும் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு கட்டை அங்கே சாய்ந்திருந்தது. உள்ளே நல்ல மரம். ஆனால் நடுவில் இடுப்பை ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டு நின்றது. கொழுந்தன் அதற்கு ‘நாட்டியக்காரி’ என்று பெயர் வைத்திருந்தான்.

“அதை எடுத்துக்க. நல்லா வந்தா சுவருக்கு. இந்த மேஜைல உனக்கும் ஒரு பக்கம். வரலேன்னா ரம்பத்துக்கு. அதுக்கப்புறம் நாணை விட்டு வேற எதையும் தொடக் கூடாது. மருமகள்னு பார்க்க மாட்டேன்.”

“பார்க்காதீங்க.”

ராத்திரி வீட்டுக்காரர், “ஏன் வம்பு? அப்பா மனசு கஷ்டப்படும்” என்றார்.

“என் மனசு?”

“உனக்கென்ன, நீ சமாளிச்சுப்பே” என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

நாட்டியக்காரியை எடுத்தேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு வீடே கண்ணயரும். அந்த நேரம்தான் மேஜை எனக்கு. முதலில் பட்டையை உரித்தேன். மரத்தின் வெளிப்பக்கம் வில்லின் முதுகு, உள்பக்கம் வயிறு. முதுகில் மரத்தின் ஒரே வளையம் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓட வேண்டும். கத்தி எங்காவது அவசரப்பட்டு அந்த வளையத்தைக் கிழித்துவிட்டால், என்றைக்காவது வில் அங்கேதான் முறியும். இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியை நெஞ்சுக்கு நேரே இழுத்து, வெற்றிலை நரம்பு மாதிரி மெல்லிய அந்தக் கோட்டைத் தொடர்ந்தே போனேன். மரம் எங்கெல்லாம் வளைந்ததோ, கத்தியும் அங்கெல்லாம் வளைந்தது.

பிறகு வயிறு. அதில்தான் வில்லின் பலமெல்லாம் இருக்கிறது. கொஞ்சம் அரத்தால் ராவ வேண்டும், கொஞ்சம் வளைத்துப் பார்க்க வேண்டும். எங்கே விறைப்பாக இருக்கிறதோ அங்கேதான் கை வைக்க வேண்டும். வளைகிற இடத்தில் இன்னும் ராவினால் தீர்ந்தது. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

“முதுகைத் தொடாதீங்க, வயித்துல மட்டும் கை வைங்க” என்று டீக் குவளையோடு வந்து கொழுந்தன் வைத்தியம் சொல்வான். “எங்க விறைச்சுக்கிட்டு நிக்குதோ அங்க சுரண்டுங்க.”

“உங்கப்பாவை எங்க சுரண்டறது?”

“அது முழுக்க விறைப்பு அண்ணி. அரம் தேஞ்சுடும்.”

அவன் ஒன்று மட்டும் உருப்படியாகச் சொல்லிக் கொடுத்தான். “எந்த முனை மேல, எந்த முனை கீழன்னு கட்டைகிட்டயே கேளுங்க. பிடியில பிடிச்சுக்கிட்டு இழுக்கற மாதிரி பாவனை பண்ணுங்க. திருப்பிப் பிடிச்சு இன்னொரு தடவை. எது இதமா இருக்கோ அதுதான் மேல். கோடு போட்டுடுங்க. கீழ்ப்பாதியை ஒரு விரக்கடை குட்டையா வெட்டணும். வெட்டினப்புறம் மாத்த முடியாது.”

அவன் தூங்கப் போன பிறகு கேட்டேன். ஒரு முனை மேலே இருந்தபோது பிடி விரல்களுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. திருப்பிப் பிடித்தேன். மரம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்தச் சந்தேகமும் இல்லை. கரித்துண்டால் கோடு போட்டு, கீழ்ப்பாதியைக் குட்டையாக வெட்டினேன்.

அதன்பிறகு வில்லைச் சுவர் முளையில் குறுக்காக மாட்டி, நாணில் கயிற்றைக் கட்டிக் கீழே இழுத்து முடிந்துவிட்டு, எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று பார்ப்பேன். இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா? மேல்பாதி ஓரிடத்தில் பலகை மாதிரி நிற்கும். இறக்கி, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவேன். மாவு மாதிரி உதிரும். மறுபடி மாட்டுவேன். மறுபடி சுவர்.

என் வலது கை நாலு பேர் முன்னால் வேலை செய்யப் பழகிய கை. இடது கை யாரும் இல்லாதபோது வேலை செய்கிற கை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கண்ணாடிச் சில்லு தானாக வலது கைக்கு மாறிவிடும். எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. பழக்கம் அப்படி.

அம்பு விடவும் கொழுந்தன்தான் சொல்லிக் கொடுத்தான். வில்லை இடது கையில் பிடித்து வலது கையால் இழுப்பது, வேறு எப்படி? மாமனாரின் பழைய வில் ஒன்றில் பழகி, மூன்றில் இரண்டைச் சாக்கில் தைக்கும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

சோதனைக்கு நான் கேட்காத ஆளெல்லாம் வந்து சேர்ந்தார்கள். அன்று பார்த்துப் ‘பன்றிக்காரர்’ வந்திருந்தார். பட்டறையின் பழைய வாடிக்கையாளர். அவர் அடித்த பன்றிகளைவிட அதைப் பற்றிப் பேசிய பேச்சு பெரிது. பைக்கை முற்றத்துக்குள்ளேயே வலது ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

“மருமகளா? வில்லா? அடடே! பாத்தும்மா, சாக்குக்கு வலிக்கப் போகுது.”

இடது முன்கையில் தோல் பட்டையைக் கட்டிக்கொண்டேன். நாணேற்றியபோது நாட்டியக்காரி முனகவே இல்லை. இழுத்தால் பால் மாதிரி வந்தது. ‘வந்துட்டேடி’ என்று மனசுக்குள் அதைக் கொஞ்சினேன். விட்டேன்.

அம்பு சாக்குக்கு இடது பக்கமாக ஓடி மதில் சுவரில் மோதி விழுந்தது.

இரண்டாவதை நிதானமாகக் குறிபார்த்து விட்டேன். அதே இடது பக்கம். மூன்றாவதற்கு, வேண்டுமென்றே கொஞ்சம் வலது பக்கம் தள்ளிக் குறிவைத்தேன். அதுவும் இடது பக்கம்தான் போய், அங்கே வைத்திருந்த தண்ணீர் டிரம்மில் ‘டணங்’ என்று அடித்தது.

“டிரம் செத்துச்சு” என்றார் பன்றிக்காரர்.

“கையைக் குறை சொல்ல முடியாதுப்பா, அண்ணி நல்லாத்தான் விடுவாங்க. குடுங்க” என்று கொழுந்தன் வில்லை வாங்கி ஓர் அம்பு விட்டான். அவனுக்கும் அம்பு இடது பக்கம்தான் ஓடியது. அவன் முகத்திலிருந்து கேலி போய்விட்டது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மாமனார் வில்லை வாங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேல்முனையிலிருந்து கீழ்முனைவரை பார்த்தார். முதுகைத் தடவினார். வயிற்றைத் தடவினார். வளையம் ஓரிடத்திலும் அறுபடாததைப் பார்த்து அவர் விரல் ஒரு நொடி நின்றது. அப்புறம் நாணைப் பார்த்தார்.

“நாண் வலது பக்கம் விழுது. மயிரிழை இல்ல, நல்லாவே விழுது.”

“தலைகீழாத் திருப்பிப் பிடிச்சா இடது பக்கம் வந்துடுமேப்பா” என்றான் கொழுந்தன். திருப்பிப் பிடித்து ஓர் அம்பு விட்டான். குட்டைப் பாதி மேலே போனதால் வில் அவன் கையை உதைத்தது. “ஐயோ” என்று உதறிக்கொண்டான்.

“வெட்டினது வெட்டினதுதான்” என்றார் மாமனார். “மேல் கீழ் மாத்திப் போட்டிருக்கா. வேலை சுத்தமா இருக்கு. இல்லேன்னு சொல்லல. ஆனா வில் கோணல்.”

பட்டறைக்குள் போய், நாணை இறக்கி, வில்லை வைஸில் வைத்து இறுக்கினார். ஆணியில் தொங்கிய ரம்பத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“அறு.”

“மாட்டேன்.”

எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. காரணம் கேட்டால் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மூன்று அம்பும் வெளியே போனதை எல்லோரும் பார்த்தார்கள். ஆனாலும் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்த மரம் கோணல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

“என் வில்லையே நான் அறுத்திருக்கேன்.”

“பார்த்திருக்கேன் மாமா.”

“அப்புறம் என்ன?”

வீட்டுக்காரர் ஓடி வந்தார். “அறுத்துடும்மா. அப்பா வேற கட்டை தருவாரு, இல்லப்பா? ஆளு நிக்கறாரு பாரு, அசிங்கமா இருக்கு.”

“தர மாட்டேன்” என்றார் மாமனார். “சொன்னது சொன்னதுதான். இனி இவளுக்கு நாண்தான்.”

பன்றிக்காரர் பைக்கிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டம் சட்டம்தான். அதைத் தெரிந்துகொண்டுதானே கட்டையைத் தொட்டேன்? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அது விழுவதற்குள் முடித்துவிடலாம் என்று ரம்பத்தை வாங்கினேன். பிடியின் மேல் வைத்தேன்.

“அந்தக் கையில பிடிக்காதே” என்றார் மாமனார். “இந்தக் கைக்கு மாத்து.”

ரம்பம் என் இடது கையில் இருந்தது.

நான் அதையே பார்த்தேன். அந்தக் கையில் கண்ணாடிச் சில்லு கிழித்த கோடுகள். கட்டைவிரல் ஓரத்தில் அரம் பட்டுக் காய்த்த இடம். வலது கையைத் திருப்பிப் பார்த்தேன். அதில் மெழுகுப் பிசுக்கு மட்டும்தான் இருந்தது. கட்டையிடம் ‘எது மேல்’ என்று கேட்ட மத்தியானம் நினைவுக்கு வந்தது. யாருமே இல்லை. வலது கையால் பிடியைப் பிடித்து, இடது கையால் இழுத்துத்தான் கேட்டிருக்கிறேன். அதுவும் அந்தக் கைக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது. அப்படிப் பிடித்தால் அம்பு உரசுவதும் வலது பக்கம்தான், நாண் சாய்ந்திருக்கிற அதே பக்கம்.

ரம்பத்தை மேஜையில் வைத்துவிட்டு வைஸைத் தளர்த்தினேன்.

“என்ன பண்றே?”

“மாமா, செஞ்சவங்கதானே முதல் அம்பு விடணும்?”

“விட்டாச்சே! மூணு விட்டாச்சு.”

“நான் இன்னும் விடல. இந்த வில்லைச் செஞ்சது இந்தக் கை.” இடது கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். “இது இன்னும் ஒரு அம்புகூட விடல.”

கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டான். சிரிக்கிறானா பயப்படுகிறானா என்று தெரியவில்லை.

“பைத்தியம் மாதிரி பேசாதே. உனக்கு அந்தக் கையால விடத் தெரியாது.”

“தெரியாமலே போகட்டும்.”

முற்றத்துக்கு வந்து நாணேற்றினேன். வில்லை வலது கையில் பிடித்தேன். நாணை இடது கையால் இழுத்தேன். நாலு பேர் பார்க்க அந்தக் கையால் நான் எதையும் இழுத்ததே இல்லை. முதுகில் எல்லார் கண்ணும் குத்தியது. விட்டேன். தோல் பட்டை கட்டாத வலது முன்கையில் நாண் சாட்டை மாதிரி அடித்தது. அம்பு சாக்கின் தலைக்கு மேலாகப் பறந்து மதிலைத் தாண்டிப் போயிற்று.

“சாக்கு தப்பிச்சுது” என்றார் பன்றிக்காரர்.

“ஆனா நேராப் போச்சு” என்றான் கொழுந்தன் மெதுவாக. “இடது பக்கம் போகல. அண்ணி, நேராப் போச்சு!”

இரண்டாவது அம்பு சாக்கின் தொந்தியில் தைத்தது. மூன்றாவது அதற்குப் பக்கத்தில், இரண்டும் உரசிக்கொள்ளும்படி. முன்கை எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன்.

“மூணுக்கு ரெண்டு மாமா.”

மாமனார் சாக்கையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“கணக்குல வராது. பட்டறை வில்லுன்னா எடுத்தவன் விட்டா நேராப் போகணும். உன் ஒருத்திக்கு நேராப் போனா அது வித்தை. வில் கோணல் கோணல்தான்.”

பட்டறைக்குள் போனேன். சுவரில் நடு முளையில் இருந்தது அவருடைய வில். வாங்க வருகிறவர்களுக்குத் தொட்டுக் காட்டுவாரே தவிர விற்க மாட்டார். அதை எடுத்துக்கொண்டு வந்தேன்.

“ஏய், அதை வை!” என்றார் வீட்டுக்காரர்.

நாணேற்றி, இடது கையால் இழுத்து, சாக்கின் நடுவைக் குறிபார்த்து விட்டேன். அம்பு வலது பக்கமாக விர்ரென்று ஓடி, பன்றிக்காரரின் பைக் ஸீட்டில், அவர் தொடைக்கு ஒரு சாண் பின்னால், குத்திக்கொண்டு நின்றது.

“ஏம்மா! என் வண்டி!” என்று அவர் துள்ளிக் குதித்தார். இறங்கியவர் திரும்ப அதில் ஏறவே இல்லை.

வில்லை மாமனாரிடம் நீட்டினேன். “உங்க வில்லும் கோணல்தான் மாமா. ரம்பம் எடுத்துட்டு வரட்டுமா?”

கொழுந்தன் மேஜையில் கிடந்த ரம்பத்தைத் திரும்பிப் பார்த்தான்.

“அப்பாகிட்ட இப்படியா பேசுவே?” என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர். “அப்பா, அவ ஏதோ கோபத்துல…”

“கோபத்துல இல்ல. நீங்க நடுவுல தேன் ஊத்தாதீங்க. நான் மாமாவைத்தான் கேட்டேன். யார் விட்டாலும் நேராப் போகணும்னா அங்க சுவர்ல தொங்கறது எல்லாமே கோணல். அத்தனையும் எனக்கு வலது பக்கம்தான் ஓடும். ஒரே நாள்ல எல்லாத்தையும் அறுத்துடலாம். நானும் ஒரு கை குடுக்கறேன். இந்தக் கை.”

மாமனாருக்கு மூக்கு விடைத்தது. அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. தன் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் சாய்ந்த அந்த நாணைக் கட்டைவிரலால் ஒரு தடவை சுண்டினார்.

“சரி. உன் வில் சுவருக்குப் போகட்டும்.”

“அப்பா!” என்று கொழுந்தன் என் தோளில் தட்ட வந்தான். மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இன்னும் முடிக்கல. மேஜைல ஒரு பக்கமும் தர்றேன். ஆனா வெளியாளுங்க வர்ற நேரத்துல அந்தக் கையால எதுவும் செய்யாதே. உன் வில்லைக் கதவு மறைவுல மாட்டு. யாராவது கேட்டா நான் பேசிக்கறேன். பட்டறைக்குன்னு ஒரு பேர் இருக்கு.”

வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். “அவ்வளவுதானே? அதான் அப்பாவே இறங்கி வந்துட்டாரே. சரின்னு சொல்லு.”

சரி என்று சொல்லியிருக்கலாம். மேஜை கிடைத்திருக்கும், வில்லும் பிழைத்திருக்கும். மத்தியானத்தில் மட்டும் உயிரோடு இருக்கிற ஒரு கையோடு இத்தனை காலம் ஓட்டியவளுக்கு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவது பெரிய காரியமா?

வலது கையில் நாட்டியக்காரியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போய், மேஜையில் கிடந்த ரம்பத்தை இடது கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

“அப்ப அறுத்துடறேன் மாமா.”

“என்ன?”

“மூலையில சாத்தி வைக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே? வில் சரியா இருந்தா சுவர்ல நடுவுல தொங்கும். சரியா இல்லேன்னா ரெண்டு துண்டு. கதவு மறைவுன்னு மூணாவது இடம் எதுவும் உங்க சட்டத்துல கிடையாது. எது வேணும், சொல்லுங்க. இப்பவே செய்யறேன். வந்திருக்கறவர் முன்னாடியே செய்யறேன்.”

“அண்ணி, வேணாம் அண்ணி” என்றான் கொழுந்தன். “நல்ல வில் அண்ணி அது.”

“எனக்குத் தெரியும். உங்கப்பாவுக்கும் தெரியும். சொல்லட்டும்.”

ரம்பத்தின் பல்லைப் பிடியில் பதித்தேன். ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் போதும், வில் செத்துவிடும். மிரட்டுவதற்காகச் செய்யவில்லை. அவர் ‘அறு’ என்றால் அறுத்திருப்பேன். அழுதிருப்பேன். ஆனால் அறுத்திருப்பேன்.

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கையை அவர் நேராகப் பார்த்ததே இல்லை. எப்போதும் ஓரக்கண்ணால்தான், ‘அதை மடக்கு’ என்று சொல்வதற்காகத்தான். கீறல்களைப் பார்த்தார். காய்த்துப்போன கட்டைவிரலைப் பார்த்தார். அந்தக் காய் எதனால் வருகிறது என்று அந்த முற்றத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

“கீழ வை.”

“எதை?”

“ரம்பத்தைத்தான். எதையாம்!”

வைத்தேன். அவர் தன் வில்லைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு முற்றத்தின் கோடிக்கு நடந்தார். சாக்கில் தைத்திருந்த என் இரண்டு அம்பையும் பிடுங்கினார். பைக் பக்கம் வந்து ஸீட்டில் இருந்ததையும் பிடுங்கினார். பன்றிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“தைச்சுத் தர்றேன்” என்றார் மாமனார், அவரைப் பார்க்காமலே. “நில்லுங்க. போயிடாதீங்க. பார்த்துட்டுப் போங்க.”

மூன்று அம்போடு என் முன்னால் வந்து நின்றார். என் வலது கைப்பக்கம் நீட்டினார். அந்தக் கையில் வில் இருந்தது. வாங்க வேண்டுமானால் வில்லைக் கீழே வைக்க வேண்டும், அல்லது கை மாற்ற வேண்டும். நான் வைக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. அவர் நீட்டியபடியே நின்றார். பன்றிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். இடது கையை அகல விரித்து நீட்டினேன்.

மாமனாரின் கை அப்படியே நின்றது. பிறகு ஒரு எட்டு நகர்ந்து மறுபக்கம் வந்தார். மூன்று அம்பையும் என் இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டார்.

“முதல் அம்பு ஏன் மேல போச்சு தெரியுமா?”

“தெரியாது.”

“இழுக்கற முழங்கை இறங்குது. பயந்த கை இறங்கும்.”

“இப்ப இறங்காது” என்று சொல்லிவிட்டு, நாணில் அம்பைப் பூட்டினேன்.